பிப்ரவரி வரி ஏற்றம்: சிகரெட்டை விட்டார்களா, சின்ன சிகரெட்டுக்கு மாறினார்களா?

திருப்பூர் செல்வம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட் வரி மாறிவிட்டது. 28 சதவீத ஜிஎஸ்டி 40 ஆனது. ஜிஎஸ்டிக்கு மேல் கூடுதலாகப் போட்டிருந்த இழப்பீட்டு செஸ் போய், ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை கலால் வரி வந்தது. சிகரெட் எவ்வளவு நீளமோ அதற்குத் தகுந்த வரி.

எங்கள் பனியன் கம்பெனி வாசலில் மதிய இடைவேளைக்கு எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். இன்றைக்கும் அதே கூட்டம் அப்படியே நிற்கிறது. கையில் இருப்பதுதான் மாறியிருக்கிறது. நீளமான கிங்ஸ் சிகரெட் தவிர வேறு எதையும் தொடாத கட்டிங் மாஸ்டர் சின்ன ஃபில்டருக்கு வந்துவிட்டார். செக்கிங் பையன்கள் ஒன்றை வாங்கி இரண்டு பேர் இழுக்கிறார்கள். விலை ஏறினால் புகைப்பது குறையும் என்று வருஷா வருஷம் சொல்கிறார்களே, அது நிஜமா? இல்லை, அரசுக்குக் காசு, நமக்குச் சின்ன சிகரெட், அவ்வளவுதானா? நானும் புகைப்பவன்தான். உபதேசம் வேண்டாம், கணக்கு தெரிந்தவர்கள் பேசுங்கள்.

பெட்டிக்கடை முருகு

தம்பி, கடைக்காரன் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டாக வாங்குகிறவர்கள் சொற்பம். மற்ற எல்லோரும் லூஸ்தான். அட்டையைக் கிழித்து மேலே வைத்திருப்பேன், வருகிறவர் காசை வைப்பார், நான் ஒன்றை உருவிக் கொடுப்பேன், அவர் கயிற்று நெருப்பில் பற்ற வைப்பார். பாக்கெட்டில் என்ன விலை அச்சடித்திருக்கிறது என்பது அவர் கண்ணில் படுவதே இல்லை. 85 சதவீதத்துக்குப் படம் போட்டிருக்கிறார்களே புற்றுநோய்ப் படம், அதுவும் என் கண்ணுக்குத்தான்.

லூஸ் விலை முழு ரூபாயில்தான் நகரும். பாக்கெட் கணக்குப்படி ஒரு சிகரெட்டுக்கு நாற்பது பைசா ஏறினால் நான் என்ன செய்வது? சில்லறைக்கு மிட்டாய் கொடுத்தால் சண்டைக்கு வருகிறான். ஒன்று, கொஞ்ச நாள் பழைய விலைக்கே விற்பேன், இல்லை ஒரேயடியாக ஒரு ரூபாய் ஏற்றுவேன். அதனால் டெல்லியில் ஏற்றுகிற வரியும் என் கடை விலையும் ஒரே நாளில், ஒரே அளவில் ஏறுவது கிடையாது. பட்ஜெட் நெருங்கும்போது சப்ளை தானாகச் சுருங்கும், அது வேறு கதை.

விலை ஏறின முதல் வாரம் எல்லோரும் முணுமுணுப்பார்கள். இரண்டாவது வாரம் பாதிப் பேர் பிராண்டு மாறுவார்கள். ஒரு மாதம் கழித்து யார் மாறினார், யார் குறைத்தார் என்று எனக்கே ஞாபகம் இருக்காது. ஆனால் ஒன்று: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இருக்கிறவர்கள் மாறவே மாட்டார்கள். நாளைக்குப் பத்து அடிக்கிறவர்தான் கணக்குப் பார்ப்பார்.

பொருளியல் வாத்தியார்

முருகு அண்ணே சொன்னதில் பாதி எங்கள் பாடப் புத்தகத்திலேயே இல்லாத விஷயம். முதலில் செல்வத்தின் கேள்விக்கு வருகிறேன்.

விலை 10 சதவீதம் ஏறினால் வசதியான நாடுகளில் நுகர்வு சுமார் 4 சதவீதமும், நம்மைப் போன்ற நாடுகளில் சுமார் 5 சதவீதமும் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இது நாடு முழுவதற்குமான கூட்டுத்தொகை. சிலர் விட்டிருப்பார்கள், சிலர் குறைத்திருப்பார்கள், சில பையன்கள் தொடங்கியிருக்கவே மாட்டார்கள். தொடங்காதவனை எந்தக் கம்பெனி வாசலிலும் பார்க்க முடியாது. அதனால் நின்று பார்க்கிறவருக்கு யாரும் விடவில்லை என்றுதான் தோன்றும்.

சரி, இனி நம் நாட்டுச் சிக்கல். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 65 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சிகரெட்டுக்கு 5 சதவீதம், அதோடு ஆயிரத்துக்கு 2,076 ரூபாய் என்று செஸ் வைத்தார்கள். நீளமான கிங்ஸ் வகைக்கு 36 சதவீதமும் 4,170 ரூபாயும். அந்த ரூபாய்க் கணக்கு எட்டரை வருஷம் அசையவே இல்லை. 2020, 2023 பட்ஜெட்டுகளில் சிகரெட் மேல் தனியாக இருக்கும் பேரிடர் வரியைக் கொஞ்சம் ஏற்றினார்கள், அவ்வளவுதான். அதே காலத்தில் கூலி எவ்வளவு ஏறியது, டீ விலை எவ்வளவு ஏறியது என்று யோசித்துப் பாருங்கள். நிலையான தொகையாக வைத்த வரியை ஆண்டுதோறும் ஏற்றாவிட்டால், சும்மா இருந்தாலே அது குறைகிறது என்று அர்த்தம்.

இப்போது வந்ததையும் கவனியுங்கள். மேல் அடுக்குக்கு 8,500. கீழ் அடுக்குக்கு 2,050. பழைய 2,076-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சின்ன சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி விகிதம் ஏறியது உண்மை, ஆனால் ரூபாய்க் கணக்கு அப்படியே. ஒரு கிங்ஸில் கலால் எட்டரை ரூபாய், ஒரு சின்ன சிகரெட்டில் இரண்டு ரூபாய் சொச்சம். இடையில் ஆறு ரூபாய்க்கு மேல் இடைவெளி விட்டுவிட்டு, கட்டிங் மாஸ்டர் ஏன் சின்ன ஃபில்டருக்கு இறங்கினார் என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இறங்கச் சொன்னதே வரி அட்டவணைதான்.

திருப்பூர் செல்வம்

சார், அப்படியானால் கம்பெனிகளுக்கு இது முன்பே தெரியாதா? கடையில் இருக்கும் சின்ன சிகரெட் எல்லாம் 64 மில்லிமீட்டர் என்று ஒரு நண்பர் சொன்னார். 65-க்கு ஒரு மில்லிமீட்டர் குறைத்து.

பொருளியல் வாத்தியார்

நன்றாகவே தெரியும். 2012 பட்ஜெட்டில் கீழ் அடுக்கின் எல்லையை 65 மில்லிமீட்டருக்கு நகர்த்தினார்கள். அதற்குப் பிறகு வரிசையாக 64 மில்லிமீட்டர் ஃபில்டர் சிகரெட்டுகள் வந்தன. ஏற்கெனவே பெயர் பெற்ற பிராண்டுகளிலேயே சின்ன வடிவம். 2014 ஜூலை பட்ஜெட்டில் அருண் ஜேட்லி கலால் வரியை 11 முதல் 72 சதவீதம் வரை ஏற்றினார். அந்த 72 சதவீத அடி விழுந்தது இந்தக் கீழ் அடுக்கின் மேல்தான். அடுக்கு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு சிகரெட் பிறக்கும். தையல்காரர் துணிக்குத் தகுந்த மாதிரி சட்டை வெட்டுவது போல, இவர்கள் சட்டத்துக்குத் தகுந்த மாதிரி சிகரெட் வெட்டுகிறார்கள்.

தென்காசி மல்லிகா

எல்லோரும் சிகரெட்டையே பேசுகிறீர்கள். அதற்குக் கீழே பீடி என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் எடுக்கவில்லையே?

எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் பீடி சுற்றியவர்கள். சுளவை மடியில் வைத்து, நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் போட்டு உருட்டி, நுனியை மடித்து நூல் சுற்றுவார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கடைக்குக் கொண்டுபோனால் இலை சரியில்லை, சுற்று தளர்வு என்று ஒரு கை அளவு கழித்துவிடுவார்கள். அந்தக் கழிவுக்குக் கூலி கிடையாது.

பீடிக்கு 2017-இல் 28 சதவீத ஜிஎஸ்டி போட்டபோது எங்கள் பக்கம் பெரிய போராட்டம். ஆனால் செஸ் எதுவும் போடவில்லை. இப்போது அதே பிப்ரவரி 1 முதல் பீடிக்கு 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். சிகரெட்டுக்கு 40, பீடிக்கு 18. 2016-17-இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில் பீடி குடிக்கிற பெரியவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். அதாவது நாட்டில் அதிகம் புகைகிறது பீடி. அதற்கு வரி குறைவு. அப்புறம் எந்தக் கணக்கில் 'புகைப்பது குறையும்' என்கிறீர்கள், வாத்தியார் சார்?

பொருளியல் வாத்தியார்

சரியான இடத்தில் பிடித்தீர்கள், அம்மா. அரசு மக்கள் நலம் என்று ஒரு பக்கம் சொல்கிறது, பீடித் தொழிலாளர் வாழ்வாதாரம் என்று மறுபக்கம் சொல்கிறது. இரண்டும் வரி அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவது காரணத்தைக் காட்டி வரியைக் குறைத்தால் அந்தக் குறைப்பு சுற்றுகிற பெண்ணின் ஆயிரம் பீடிக் கூலியில் வந்து சேருமா என்பதற்கு எந்தச் சட்டமும் உத்தரவாதம் தரவில்லை.

ஆனால் சிகரெட் பிடிப்பவர் பீடிக்கு மாறுவது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. சட்டையை உள்ளே விட்டு வருகிறவர் ஆபீஸ் வாசலில் பீடி பற்ற வைக்க மாட்டார். கட்டிட வேலைக்குப் போகிறவர் மாறுவார். இது காசைவிடக் கௌரவம் சம்பந்தப்பட்டது.

பெட்டிக்கடை முருகு

அது வாஸ்தவம். என் கடையில் ஒருவர் வேலைக்குப் போகும்போது ஃபில்டர் கேட்பார், ஞாயிற்றுக்கிழமை லுங்கியில் வந்தால் பீடிக் கட்டு கேட்பார். வாரத்துக்கு இரண்டு ஆள் அவர்.

விடுதி அறை 14

அண்ணன்களே, கல்லூரிப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் விடுதியில் யாரும் முதல் சிகரெட்டைப் பாக்கெட் வாங்கித் தொடங்கவில்லை. இன்னொருத்தன் வாங்கின லூஸில் ஒரு இழுப்பு. அவ்வளவுதான் முதலீடு. விலை ஏறினால் பசங்க தொடங்க மாட்டார்கள் என்றால், முதலில் லூஸ் விற்பனையை நிறுத்த வேண்டாமா? மகாராஷ்டிரத்தில் 2020-லேயே தடை போட்டார்களே?

பெட்டிக்கடை முருகு

தடை போட்டார்கள். அங்கே போன என் மச்சான் இன்றைக்கும் லூஸில்தான் வாங்குகிறான். அதை விடு தம்பி. லூஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். கையில் பத்து இருந்தால் பத்தும் அன்றைக்கே தீரும். ஒவ்வொன்றுக்கும் மாடி இறங்கி, ரோட்டைக் கடந்து, என் கடை வரைக்கும் நடந்து வர வேண்டும் என்றால் நாலோடு நிறுத்துவான். எத்தனையோ பேர் வேண்டுமென்றே பாக்கெட் வாங்காமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு லூஸ்தான் கடிவாளம்.

பொருளியல் வாத்தியார்

இரண்டு பேர் சொல்வதும் உண்மை, வேறு வேறு ஆட்களுக்கு. பழகினவருக்கு லூஸ் கடிவாளம், புதியவனுக்கு அதுவே வாசல். ஒரே பொருள் ஒருவரைத் தடுக்கிறது, ஒருவரை உள்ளே அழைக்கிறது. சட்டம் போடுகிறவர் யாரைப் பார்த்துப் போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். என் ஓட்டு பையனுக்கு.

கிள்ளான் மணி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே லூஸ் பேச்சே இல்லை. 20-க்குக் குறைவான பாக்கெட்டையே 2010-இல் தடை செய்துவிட்டார்கள். அதனால் மட்டும் ஆட்கள் விட்டார்களா என்று கேட்காதீர்கள்.

2015 நவம்பரில் ஒரே நாளில் கலால் வரியை ஒரு சிகரெட்டுக்கு 28 காசிலிருந்து 40 காசாக்கினார்கள். 13.80 ரிங்கிட் பாக்கெட் 17 ரிங்கிட் ஆனது. மறுநாள் எங்கள் தோட்டத்து ஆட்கள் என்ன செய்தார்கள்? நாலைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற கள்ள சிகரெட்டுக்குப் போனார்கள். வரி கட்டியதற்கான ஸ்டாம்ப் இருக்காது, இருந்தாலும் போலி. கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுப்பார், பேர்கூடச் சொல்ல வேண்டாம், 'மலிவு' என்றால் போதும். பெரிய கம்பெனி ஒன்று பெட்டாலிங் ஜெயாவில் பல பத்தாண்டு நடத்திய தொழிற்சாலையை மூடுவதாக அடுத்த ஆண்டே அறிவித்தது. சந்தையில் பாதிக்கு மேல் கள்ளம் என்று ஆய்வு வந்தது.

எனவே செல்வம், உங்கள் ஊரில் சின்ன சிகரெட்டுக்கு மாறினார்கள், எங்கள் ஊரில் வரி கட்டாத சிகரெட்டுக்கு மாறினார்கள். வரி அதிகமானால் கள்ளம் வரும், இதில் விவாதமே இல்லை.

பொருளியல் வாத்தியார்

விவாதம் இருக்கிறது, மணி. மலேசியாவின் அந்தச் சதவீதம் புகையிலைத் தொழில் கூட்டமைப்புக்காக எடுத்த கணக்கு. கள்ளம் பெருகவில்லை என்று நான் சொல்லவில்லை, பெருகியது. ஆனால் அந்த எண்ணைக் காட்டி 'வரியை ஏற்றாதே' என்று கேட்பவரே அந்த எண்ணுக்குக் காசும் கொடுக்கிறார் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். இந்தியாவிலும் நாலில் ஒன்று கள்ளம் என்று தொழில் தரப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. ரிஜோ ஜான், ஹானா ராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடைகளிலிருந்து காலிப் பாக்கெட்டுகளைச் சேகரித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அது 3 சதவீத அளவில்தான் இருந்தது. நகரத்துக்கு நகரம் வித்தியாசம் உண்டு.

வரி மட்டும் கள்ளத்தை வளர்ப்பதில்லை. துறைமுகம், லஞ்சம், எல்லை, தண்டனை எல்லாம் சேர்ந்துதான். சிங்கப்பூரில் வரி உங்கள் ஊரைவிடப் பல மடங்கு. உள்ளே வருகிறவருக்கு ஒரு சிகரெட்டுக்குக்கூட வரிச் சலுகை கிடையாது, பிடிபட்டால் அபராதம் தாளாது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கதை, இந்தப் பக்கம் ஒரு கதை.

பெட்டிக்கடை முருகு

நம் ஊரிலும் வருகிறது சார். ஒல்லியாக, நீளமாக, கொரியா எழுத்து போட்டது. எச்சரிக்கைப் படம் இருக்காது. பைக்கில் ஒருவன் பையோடு வருவான், எனக்கு லாபம் இரண்டு மடங்கு என்பான். நான் எடுப்பதில்லை. நேர்மை என்று பெருமையடிக்கவில்லை, பிடிபட்டால் கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள் என்கிற பயம்.

வடமராட்சியான்

இலங்கையிலிருந்து ஒரு சேதி. இங்கே சிகரெட் செய்கிறது நடைமுறையில் ஒரே கம்பெனிதான். வரியும் நீளத்துக்குத் தகுந்த மாதிரித்தான். கோல்ட் லீஃப் ஒன்று இப்போது நூறு ரூபாயைத் தாண்டிக் கன காலம். 2016 கடைசியில் சிகரெட் வரியும் வாட் வரியும் ஏறினபோது 35 ரூபாயிலிருந்து 50-க்குப் போனது எனக்கு நல்ல நினைவு. அப்பவே எங்கட பக்கம் கொஞ்சப் பேர் பீடிக்கு இறங்கினவை.

பீடி இலை இலங்கையில் விளைகிறதில்லை. இந்தியாவிலிருந்துதான் வர வேணும், இறக்குமதித் தீர்வை பெரிசு. அதனால் என்ன நடக்கிறது எண்டு தூத்துக்குடி, ராமநாதபுரம் ஆட்களைக் கேளுங்கோ. கடற்கரையில் மூட்டை மூட்டையாய் இலை பிடிபட்ட செய்தி அங்கேயும் வரும், கற்பிட்டியிலும் மன்னாரிலும் கடற்படை பிடித்த செய்தி இங்கேயும் வரும். தென்காசி அக்கா சொன்ன அதே இலைதான். சிகரெட் வரி ஏற, கடலில் இலை மூட்டை ஏறுது.

திருப்பூர் செல்வம்

நான் கேட்க நினைத்த இன்னொன்று. எண்ணிக்கை குறைந்தாலும் புகை குறைகிறதா? நான் இப்போது முன்னைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறேன். ஆனால் பஞ்சு சுடுகிற வரைக்கும் இழுக்கிறேன். முன்பெல்லாம் பாதியில் பஸ் வந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். இப்போது அணைத்து, காது மேல் செருகி வைத்து, இறங்கின பிறகு மறுபடி பற்ற வைக்கிறேன்.

பொருளியல் வாத்தியார்

உங்கள் காதில் இருப்பதைப் பற்றி 2006-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. ஜெரோம் அத்தா, ஃபிரான்செஸ்கா கோர்னாக்லியா என்று இருவர். அமெரிக்காவில் புகைப்பவர்களின் உடலில் கோட்டினின் அளவைப் பார்த்தார்கள். நிகோட்டின் உடலில் மாறி உருவாகும் பொருள் அது. வரி ஏறின இடங்களில் சிகரெட் எண்ணிக்கை குறைந்தாலும், ஒவ்வொரு சிகரெட்டிலிருந்தும் இழுத்தெடுக்கும் அளவு கூடியது என்றார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே தரவை மறுபடி அலசிய வேறு இருவர், அந்த முடிவு அவ்வளவு உறுதியாக நிற்காது என்று மறுத்தார்கள். சண்டை முடிந்தபாடில்லை. என் கருத்து: குறைக்கிறவருக்கு லாபம் கொஞ்சம் குறைவு, விடுகிறவருக்கு முழு லாபம். விட நினைத்தால் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று இலவச எண் இருக்கும். லூஸில் வாங்குகிறவர் அதையும் பார்க்க மாட்டார் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

விடுதி அறை 14

அப்படியானால் எல்லா நீளத்துக்கும் ஒரே வரி போட்டுவிட்டால் இந்த இறங்குகிற வேலையே இருக்காதே சார்? எங்காவது செய்திருக்கிறார்களா?

பொருளியல் வாத்தியார்

பிலிப்பைன்ஸ். 2012-இல் சட்டம் போட்டு, மலிவு பாக்கெட்டுக்கு 12 பெசோ, விலை உயர்ந்ததற்கு 25 பெசோ என்று 2013-இல் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் இரண்டையும் நெருக்கிக்கொண்டே வந்து 2017-இல் எல்லாவற்றுக்கும் 30 பெசோ. கிடைத்த பணத்தில் பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குப் போனது. அங்கே பெரியவர்களில் புகையிலை பயன்படுத்துவோர் 2009-இல் 29.7 சதவீதம், 2015-இல் 23.8, 2021-இல் 19.5. எல்லாம் வரியால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இறங்கி ஒதுங்க மலிவு அடுக்கு இல்லாமல் போனதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. பிறகு அங்கேயும் கள்ள சிகரெட், வேப் என்று புதுத் தலைவலிகள் வந்தன, மணி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்கடை முருகு

ஒரே வரி என்றால் பீடிக்கும் சேர்த்தா சார்?

தென்காசி மல்லிகா

அண்ணாச்சி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எந்த எம்.எல்.ஏ.வும் எங்கள் பக்கம் ஓட்டுக் கேட்டு வர முடியாது.

ஆனால் நான் சொல்கிறேன். முன்பு பீடித் தொழிலாளர் நல வரி என்று 1976 சட்டப்படி தனியாக ஒன்று பிடித்தார்கள். பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப், பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி, வீடு கட்ட உதவி எல்லாம் அதில்தான் நடந்தது. நான் பள்ளிக்கூடம் படித்ததில் அந்த ஸ்காலர்ஷிப் பணமும் உண்டு. ஜிஎஸ்டி வந்த 2017-இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பீடிக்கு வரியைக் கூட்டுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கூட்டுகிற பணத்தில் ஒரு பங்கு பழையபடி சுற்றுகிறவர் பேருக்கு வரட்டும், எங்கள் பெண்கள் போக வேறு ஒரு வேலையைப் பக்கத்திலேயே காட்டட்டும். 28-ஐ 18 ஆக்கினதில் எங்கள் தெருவில் யாருக்கும் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூலி ஏறவில்லை.